கையெழுத்துப் போட்டு ஓட்டுப் போடும் ஊர்

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், கொல்லயில் கிராமப் பஞ்சாயத்து. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ரப்பர், ஒரே மரச்சீனி. ஊரை ஆள்பவர் உருவாகும் விதம் மட்டும் தலைகீழாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவருக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். அந்தத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. கொல்லயிலில் சின்னம் உண்டு, தலைவருக்கான ஓட்டுத்தான் இல்லை. கிராமம், பிளாக், ஜில்லா என மூன்று அடுக்குக்கும் மெம்பர்களைத் தேர்ந்தெடுப்பதோடு வாக்காளரின் வேலை முடிகிறது. பிரசிடெண்ட் யார் என்பதை வார்டு மெம்பர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். சென்னைக் கோட்டையில் முதலமைச்சர் உருவாவதும் இப்படித்தான். 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், கிராம அளவில் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. தமிழ்நாடு ஒரு வழியில் போனது; கேரளம் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மறு வழியை எடுத்தது.

அந்தத் தேர்வு நாளில் இன்னொரு விசித்திரம் நடக்கும். தேர்தல் என்றாலே ரகசியம் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே மெம்பர் ஓட்டுச்சீட்டின் பின்பக்கம் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். கையெழுத்தில்லாத சீட்டு செல்லாது. காரணம் குதிரை பேரம். கேரளத்தில் உள்ளாட்சி மெம்பர்களுக்கென்றே 1999-இல் தனியாக ஒரு கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். ஆறு வருடம் தேர்தலில் நிற்கவும் முடியாது. யார் மீறினார் என்பதற்கு அவருடைய கையெழுத்தே சாட்சி. ஏறக்குறைய இருபது பேர் கொண்ட சபையில் ஒருவர் இடம் மாறினாலே ஆட்சி கவிழலாம் என்பதால், இந்தக் கண்டிப்பு எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

இருவருக்கும் சமமாக ஓட்டு விழுந்தால் சீட்டுக் குலுக்கல். தேர்தல் முடிந்து பிரசிடெண்ட் தேர்வு நடக்கும் நாளில் கேரளத்தில் எங்காவது சில பஞ்சாயத்துகளின் ஆட்சி குலுக்கலில் தீர்மானமாகும். நம்மவர்களுக்கு உத்திரமேரூர்க் குடவோலை நினைவுக்கு வரும். அங்கே குலுக்கல்தான் முதல் வழி, இங்கே கடைசி வழி. பிரிட்டனுக்குள் தனிச் சட்டமன்றம் கொண்ட வேல்ஸ் நாட்டில் 2016 மே மாதம் இதே முட்டுக்கட்டை வந்தது. முதலமைச்சர் பதவிக்குக் கார்வின் ஜோன்ஸுக்கு 29, லீயான் வுட்டுக்கு 29. அங்கே குலுக்கல் இல்லை. ஒரு வாரம் இழுத்தது. லீயான் வுட்டின் கட்சி ஒதுங்கி நின்ற பிறகே ஜோன்ஸ் பதவிக்கு வந்தார். கொல்லயிலில் அதே சிக்கல் சில நிமிடங்களில் தீர்ந்திருக்கும்.

சரி, அமைச்சர்கள்? பஞ்சாயத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. அந்த வேலையை நான்கு நிலைக்குழுக்கள் பார்க்கின்றன: நிதி, வளர்ச்சி, நலம், சுகாதாரமும் கல்வியும். ஊரார் வாயில் அது ஸ்டாண்டிங் கமிட்டி. பிரசிடெண்ட் தவிர ஒவ்வொரு மெம்பரும் ஏதாவதொரு குழுவில் இருந்தாக வேண்டும். சும்மா கை தூக்கிவிட்டுப் போகும் பின்வரிசை இங்கே கிடையாது. வேல்ஸ் முதலமைச்சரும் தமிழக முதலமைச்சரும் தங்கள் அமைச்சர்களைத் தாங்களே பொறுக்கி எடுக்கலாம். பஞ்சாயத்துப் பிரசிடெண்டுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நிதிக் குழுவுக்கு வைஸ் பிரசிடெண்ட் தானாகவே தலைவர். மற்ற மூன்று குழுக்களிலும் உறுப்பினர்களே தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்குகிறார்கள். எந்தக் குழுவில் எதிர்க்கட்சிக்காரர்கள் கூடுதலோ, அங்கே எதிர்க்கட்சிக்காரர் தலைவராகிவிடுவார். எதிர்க்கட்சிக்காரர் சுகாதார அமைச்சராக இருக்கும் ஒரு மந்திரிசபையைச் சென்னையில் கற்பனை செய்து பாருங்கள்!

இதையும் விஞ்சுவது இடஒதுக்கீட்டுக் கணக்கு. கேரளப் பஞ்சாயத்துகளில் பாதிக்குப் பிரசிடெண்ட் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும் அதற்குள் தனி இடங்கள் உண்டு. எந்த ஊருக்கு எது என்பது சுழற்சியில் மாறும். ஒரு ஊரில் ஒரு முறை பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்த கூட்டணியில் அப்படி ஒருவரும் இல்லை, தோற்ற கூட்டணியில் ஒருவர் இருக்கிறார். பதவி அவருக்குத்தான். சிறுபான்மைக் கட்சியின் பிரசிடெண்ட், பெரும்பான்மைக் கட்சியின் வைஸ் பிரசிடெண்ட் என்ற வினோத ஜோடிகள் கேரளத்தில் நிஜமாகவே ஆண்டிருக்கின்றன.

இத்தனை ஏற்பாடும் ஒரு தெருக்குழாய்க்காக அல்ல. 1990-களின் நடுவில் கிருஷி பவன், ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவமனை, அங்கன்வாடி, ஆரம்பப் பள்ளி எல்லாம் கிராமப் பஞ்சாயத்தின் கைக்கு வந்தன. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில், மாநிலத் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 ரூபாய் வரை உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதிகாரப் பகிர்வு, அதாவது மேலே உள்ள அரசு தன் வேலையையும் பணத்தையும் கீழே இறக்கிக் கொடுப்பது, இந்தியாவில் இவ்வளவு ஆழமாக நடந்த இடங்கள் குறைவு.

பிரசிடெண்டை இறக்குவதற்கும் சட்டமன்ற வழிதான். மூன்றில் ஒரு பங்கு மெம்பர்கள் கையெழுத்திட்டு நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம்; பாதிக்கு மேல் ஆதரித்தால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தோற்றால் ஆறு மாதம் மறுபடி முயல முடியாது. களியக்காவிளையைத் தாண்டினால் அந்த ஆயுதம் மெம்பர்களிடம் இல்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரம் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் ஏறினாலோ இந்த வேறுபாடே மறைந்துவிடும். அங்கே உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே இரு மாநிலங்களுக்கும் சேர்த்து விதித்திருக்கிறது.