சிறிய மண் அணைகளும் ஏரிக்கரைகளும்: உடைப்பும் பராமரிப்பும்

மண் அணை என்பது களிமண், வண்டல், மணல், சரளை ஆகியவற்றை அடுக்கடுக்காகக் கொட்டி, இறுக்கிக் கட்டப்படும் நீர்த்தடுப்பு ஆகும். ஏரிக்கரை, குளக்கரை, ஆற்றின் வெள்ளக்கரை ஆகியவை எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. திருவிடைமருதூர் வட்டாரத்தில் அணை என்று சொன்னால், கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் அணைக்கரையில் கட்டி முடிக்கப்பட்ட கீழணைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது கட்டுமான அணை. ஆனால் அங்கிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் பெறும் வீராணம் ஏரி, 47.50 அடி மட்டம் வரையில் 1.465 டிஎம்சி நீரை மண்கரையை நம்பித்தான் தேக்கி வைக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஊர்களை வெள்ளத்திலிருந்து காப்பதும் மண்கரைகளே.

தண்ணீரின் பாரம் தாங்காமல் கரை தள்ளுண்டு போகிறது என்றே பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் அப்படி நடப்பது அரிது. உலகெங்கும் உடைந்த பெரிய மண் அணைகளைத் தொகுத்து ஆராய்ந்ததில், ஏறத்தாழப் பாதி அணைகள் கரைக்கு மேல் நீர் வழிந்ததால் உடைந்தவை. மீதியில் பெரும்பகுதி, கரைக்குள் நீர் புகுந்து மண்ணை அரித்ததால் உடைந்தவை. இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் தெரியும். பராமரிப்பு என்பது அந்த அடையாளங்களைத் தேடிப் பார்ப்பதுதான்.

மேலே வழிதல்

கல் அணையின் மேல் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் கெடுதி இல்லை. கல்லணை அப்படி வழிவதற்காகவே கட்டப்பட்டது. மண்கரைக்கு அது ஆகாது. வழியும் நீர் வெளிச்சரிவில் வேகமெடுத்து இறங்கி, அடிமண்ணைத் தோண்டும். தோண்டிய பள்ளம் படிப்படியாக மேலேறிக் கரையின் உச்சியைத் தின்றுவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டு, திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் அருகே அழகாபுரியிலுள்ள குடகனாறு அணை. குடகனாறு அமராவதி வழியாகக் காவிரியில் சேரும் ஆறு. அணையின் உயரம் ஆற்றுப்படுகைக்கு மேல் 11.45 மீட்டர்தான். 1977 வெள்ளத்தின்போது மின்சாரம் நின்றுபோனதால், நீர்போக்கிக் கதவுகளை ஓரளவுக்கே உயர்த்த முடிந்தது. மின்னாக்கியை ஓட்டியும், கையால் சுற்றியும் பார்த்தார்கள். தண்ணீர் முந்திக்கொண்டது. வெள்ளம் கரையின் மேலேறி வழிந்து, பல இடங்களில் 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை உடைப்பெடுத்தது. கதவைத் திறக்க மின்சாரமும் ஆளும் வேண்டியிருக்கும் அணைக்கும், தண்ணீர் ஏறினால் தானே வழிந்தோடும் கலிங்கு உள்ள ஏரிக்கும் உள்ள வேறுபாடு இதில் விளங்கும். நம் முன்னோர் வைத்த கலிங்குக்குக் காவல் வேண்டாம், சாவி வேண்டாம். அடைக்காமல் விட்டாலே போதும்.

ஆனால் அடைத்துவிடுகிறோம். இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று கலிங்கின் மேல் மண்மூட்டை அடுக்குவதும், மீன் வெளியேறாமலிருக்கக் குறுக்கே வலை கட்டுவதும் பல ஊர்களில் காணக்கூடியவை. வலையில் ஆகாயத்தாமரையும் சருகும் சேர்ந்தால் அது சுவராகிவிடும். பழைய கலிங்குகளில் குத்துக்கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் வைத்துக் கூடுதல் நீர் பிடிக்கும் வழக்கம் இருந்தது உண்மைதான். அது மழைக்காலத்தின் ஆபத்து நீங்கிய பிறகு செய்வது. ஐப்பசியில் செய்வது அல்ல.

நிறைமட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே விடப்படும் இடைவெளி அலைக்கும் எதிர்பாராத வெள்ளத்துக்குமானது. கரை முழுவதும் உயரமாக இருந்து, ஓரிடம் மட்டும் ஒரு முழம் தாழ்ந்திருந்தால் கரையின் உயரம் அந்தத் தாழ்ந்த இடத்தின் உயரமே. மாடு ஏறி இறங்கும் தடம், டிராக்டர் கடக்கும் இடம், பழைய உடைப்பை அடைத்த இடம் ஆகியவை இப்படித் தாழ்ந்துபோகும். ரசமட்டக் குழாயைக் கொண்டு இதை ஒரே நாளில் அளந்துவிடலாம்; கொத்தனார் எவரிடமும் அந்தக் குழாய் இருக்கும்.

உள்ளே அரித்தல்

டெல்டா விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் மேல்வயலில் தண்ணீர் குறைந்திருந்தால் அவர் முதலில் தேடுவது வரப்பிலுள்ள நண்டு வளையைத்தான். முதலில் விரல் நுழையும் அளவிலிருந்த வளை, தண்ணீர் ஓட ஓடக் கை நுழையும் அளவாகி, வரப்பே வாய் பிளந்துவிடும். ஏரிக்கரையில் நடப்பதும் இதுவே.

எல்லா மண்கரையும் கசியும். கசிவு என்பது குற்றமல்ல. கசியும் நீர் தெளிவாக இருந்தால், கரை தன் மண்ணைத் தானே பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். கலங்கி வந்தால், உள்ளிருந்து மண் வெளியேறுகிறது. இந்த அரிப்பு வெளிப்பக்கத்தில் தொடங்கி, குழாய்போல் ஏரியை நோக்கி உள்ளே நீளும். ஏரியைத் தொட்டபின் மணிக்கணக்கில் காரியம் முடிந்துவிடும். அமெரிக்காவின் இடாகோ மாநிலத்திலிருந்த டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலையில் கலங்கிய கசிவு கவனிக்கப்பட்டது. நண்பகலுக்குச் சற்று முன் அணை உடைந்தது.

சிறிய அணைதானே என்று இருக்க முடியாது என்பதற்கு மகாராட்டிர மாநிலம் இரத்தினகிரி மாவட்டத்தின் திவரே அணை சான்று. 2019 ஜூலை 2 இரவு அது உடைந்து ஏறத்தாழ 20 பேர் இறந்தனர். கசிவு பற்றி ஊர்மக்கள் முன்பே புகார் சொல்லியிருந்தனர். நண்டுகளே காரணம் என்று அம்மாநில அமைச்சர் ஒருவர் சொன்னது நாடு முழுவதும் கேலிக்குள்ளானது. நண்டு வளை கரையைக் கெடுக்கும் என்பது பொய்யல்ல. ஆனால் வளையைப் பார்த்து அடைப்பது மனிதர் வேலை. இலங்கையில் திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 விடியற்காலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கரைமேல் அளவுக்கு மீறிய பாரவண்டிகள் ஓடியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

கலங்கிய ஊற்றைக் கண்டவுடன் களிமண்ணைக் கொண்டு வெளிப்புறத்தில் அடைக்கவே கை போகும். அது தவறு. வழி அடைபட்ட நீர், அழுத்தம் கூடி வேறோர் இடத்தில் பிளந்துகொண்டு வரும். சரியான முறை, நீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் நிறுத்துவது: ஊற்றின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, உள்ளே சிறிது நீர் நிற்கச் செய்தால் ஊற்றின் வேகம் தணியும். அடைப்பதானால் ஏரிப்பக்கத்தில், நீர் சுழித்து உள்ளே போகும் வாயில் அடைக்க வேண்டும். கூடவே மதகைத் திறந்து மட்டத்தைக் குறைக்க வேண்டும். அதையும் பதற்றத்தில் ஒரேயடியாகச் செய்தால், ஈரம் ஊறிய உட்சரிவு தாங்கலின்றிச் சரியும்.

மாணவர்கள் இதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மணல்கரை கட்டிப் பார்க்கலாம். வெளிச்சரிவின் அடியில் சரளை வைத்த கரையும் வைக்காத கரையும் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று கணக்கெடுத்தால், பாடப்புத்தகம் சொல்வதைவிட நன்றாக மனத்தில் பதியும்.

ஆண்டு வேலை

கரையைச் சுற்றிவர ஏற்ற காலம் புரட்டாசி. கோடையில் களிமண் வெடித்த வெடிப்புகள் அப்போதும் தெரியும். வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியிருக்காது. கரையின் நீளவாக்கில் ஓடும் வெடிப்பைவிடக் குறுக்கே ஓடும் வெடிப்பு கெட்டது. அது ஏரியிலிருந்து வெளிப்பக்கத்துக்கு வெட்டிவைத்த வாய்க்கால் போன்றது. மதகின் சுவரும் மண்ணும் சேரும் இடத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே நீர் எளிதில் வழி கண்டுபிடிக்கும்.

கரையில் புல் வேண்டும். அருகும் வெட்டிவேரும் நல்லவை. சீமைக்கருவேலம் ஆகாது. வேர் ஒருபுறமிருக்க, கசிவையும் வளையையும் அது கண்ணுக்கு மறைக்கிறது. பெருமரம் புயலில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். 2018 நவம்பரில் வந்த கஜா புயலைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மரத்தை வெட்டி அடிமரத்தை மட்டும் விட்டுவைத்தால், வேர் மக்கிக் குழாயாகிவிடும். தோண்டி எடுத்து, குழியை அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். கரையில் மரக்கன்று நடும் விழாக்கள் இப்போது அதிகம். நல்லெண்ணம்தான், கரையடியைத் தாண்டி நட்டால் இன்னும் நல்லது.

பழுதுபார்க்கும்போது பொக்லைன் கொட்டிய மண்ணை அப்படியே விட்டால் அது குவியல், கரை அல்ல. ஒரு சாண் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, ஈரம் பார்த்து இடிக்க வேண்டும். உருண்டை பிடித்தால் ஒட்ட வேண்டும். கையில் சேறு அப்பக் கூடாது. அந்த மண்ணைக் கரையடியிலேயே தோண்டி எடுப்பது காலை வெட்டி முடி வைப்பது போன்றது.

யார் பொறுப்பு

சோழர் காலத்தில் உத்திரமேரூரில் ஏரி வாரியம் என ஒரு குழுவே இருந்தது. கரை உடையும் நேரத்தில் ஊரார் உழைப்புத் தர வேண்டும் என்று 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. குடிமராமத்து என்பது அதற்கும் பழைய வழக்கம். 2021-இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் கொள்ளளவு, நீளம் முதலிய சில வரையறைக்குள் வருபவற்றுக்கும் உரியது. வெள்ளக்கரைகள் அதில் சேரா. ஆகவே ஊர் ஏரிகளில் மிகப் பெரும்பாலானவை அச்சட்டத்தின் ஆய்வுக்கு வெளியேதான் நிற்கின்றன. தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. பெரியவை பெரும்பாலும் நீர்வளத்துறையின் பொறுப்பு.

கலங்கிய கசிவு, கரைமேல் பள்ளம், சரிவில் புடைப்பு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணில் அழைக்கலாம். மதகிலிருந்து எத்தனை தூரம், எந்தப் பக்கம், தண்ணீர் என்ன நிறம், காலையிலிருந்து கூடியிருக்கிறதா என்ற நான்கையும் சொன்னால், வருகிறவர்கள் எத்தனை மூட்டை மணலோடு வர வேண்டும் என்பதை அங்கிருந்தே முடிவு செய்துகொள்வார்கள்.