அசிசிக்குச் செல்லும் வழி

உரோமைக்குத் திருப்பயணம் சென்று, புனித பேதுரு பேராலயத்தோடு திரும்பிவிடும் குடும்பங்கள் உண்டு. "அசிசி மலைமேல் இருக்கிறதாமே! மூட்டுவலியோடு தவிக்கும் அம்மாவை எப்படி அழைத்துச் செல்வது?" என்ற தயக்கமே காரணம். வாழ்நாளில் ஒருமுறை கிட்டும் வாய்ப்பை இதற்காக இழக்க வேண்டியதில்லை.

அசிசி அமைந்துள்ள உம்பிரியா, இத்தாலியின் நடுவிலுள்ள மாநிலம். அதற்குக் கடற்கரையும் இல்லை. அயல்நாட்டு எல்லையும் இல்லை. புனித ஆசீர்வாதப்பரும், ஐந்துகாயப் பிரான்சிஸ் அசிசியாரும், கிளாரம்மாளும், ரீத்தம்மாளும் பிறந்த மண் இது. பழைய ஊர்கள் பலவும் குன்றுகளின்மேல் இருக்கின்றன. இருப்புப்பாதையோ பள்ளத்தாக்கில் ஓடுகிறது. இதை மனத்தில் கொண்டால் பயணத்தைத் திட்டமிடுவது எளிது.

பெருஜியா நகருக்கருகே பிரான்சிசின் பெயர் தாங்கிய விமான நிலையம் உண்டு. ஆயினும் நம் நாட்டிலிருந்து அங்கு நேரடி விமானம் இல்லை. உரோமையில் இறங்கி, தெர்மினி நிலையத்தில் ரயிலேறுவதே நமக்கு ஏற்றது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலான பயணம். சில வண்டிகள் நேரே செல்லும். மற்றவற்றில் ஃபொலிஞ்ஞோவில் வண்டி மாற வேண்டும். காகிதச் சீட்டாயின் ஏறுமுன் நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை பதித்துக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம்.

இந்த ரயில் பயணத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, 1962 அக்டோபர் 4 அன்று, திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் வத்திக்கான் நிலையத்திலேயே ரயிலேறி லொரேத்தோவுக்கும் அசிசிக்கும் சென்றார். 2002-இல் இரண்டாம் அருள் சின்னப்பரும், 2011-இல் 16-ஆம் ஆசீர்வாதப்பரும் பல சமயத் தலைவர்களோடு ரயிலிலேயே அசிசிக்குச் சென்றனர்.

அசிசி நிலையம் மலையடிவாரத்தில், தூதர்களின் புனித மரியா என்னும் ஊரில் உள்ளது. இறங்கியதும் மலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அருகிலேயே, நடந்து செல்லும் தொலைவில், பெரிய ஆலயம் ஒன்று உண்டு. அதனுள்ளேதான் போர்சியுங்குலா சிற்றாலயம் இருக்கிறது. 1226 அக்டோபர் 3 அன்று பிரான்சிஸ் உயிர் நீத்த இடமும் அங்கேயே. முதலில் அதைத் தரிசித்துவிட்டுப் பேருந்தில் மலையேறலாம்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். புனித பிரான்சிஸ் பேராலயம் ஊரின் தாழ்ந்த கோடியில் இருக்கிறது. அங்கே இறங்கினால் மற்ற ஆலயங்களுக்கு மேடேற வேண்டும். எனவே உச்சியிலுள்ள மத்தேயோத்தி சதுக்கம் வரை பேருந்திலேயே செல்லுங்கள். பிறகு புனித ரூபினோ பேராலயம், கிளாரம்மாள் ஆலயம், பிரான்சிசின் கல்லறை என்று இறக்கமாகவே நடந்து வரலாம். முதியோரின் கால்கள் உங்களை வாழ்த்தும்.

மற்ற ஊர்களிலும் ஏற்றத்துக்கு உதவி உண்டு. பெருஜியாவில் 1983 முதல் பழைய கோட்டையினூடே நகரும் படிக்கட்டுகள் செல்கின்றன. 2008 முதல் ஓட்டுநரில்லாச் சிறு ரயிலும் ஓடுகிறது. ஒர்வியேத்தோ நிலையத்தின் எதிரிலிருந்து கம்பிவட ரயில் மேலேறும். 1888-இல் நீரின் எடையால் இயங்கிய அது, 1990 முதல் மின்சாரத்தால் இயங்குகிறது. நான்காம் உர்பான் 1264-இல் தேவநற்கருணைத் திருநாளைத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தியது இவ்வூரிலேதான்.

ரீத்தம்மாளின் காஷியாவுக்கு ரயில் கிடையாது; ஸ்பொலேத்தோவிலிருந்து பேருந்து உண்டு. ஞாயிறன்று பேருந்துகள் குறைவு; ஆதலால் திரும்பும் நேரத்தை முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக் கார் வசதியானதே. ஆனால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பழைய நகர்களுள் அனுமதியின்றி நுழைந்தால் ஒளிப்படக் கருவி பதிவு செய்துவிடும். அபராதச் சீட்டு பின்னர் வீடு தேடி வரும்.

நடந்தே ஊர்தோறும் நற்செய்தி சொன்ன பிரான்சிசும், நோயுற்று நடக்க இயலாதபோது கழுதைமேல் ஏறிச் சென்றார். எனவே அம்மாவைப் பேருந்தில் ஏற்றிச் செல்லத் தயங்காதீர்கள். அவரை வீட்டில் விட்டுச் செல்வதல்லவோ குறை!