கூக்கால் இறக்கத்தில் சைக்கிள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாகச் செல்லும் சாலையில் பத்து நண்பர்கள் சைக்கிளில் போகிறார்கள். சாலை சமதளம். அங்கே அவர்களுக்கு எதிரி காற்றுதான். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆகவே ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் செல்வது புத்திசாலித்தனம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்னால் வருகிறவர் குறைந்த உழைப்பில் அதே வேகத்தில் வருவார். முன்னவர் களைத்ததும் இடம் மாறிக்கொள்ளலாம்.

அதே பத்துப் பேர் கோடை விடுமுறையில் கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகக் கூக்கால் ஏரிக்குப் புறப்பட்டால் என்ன ஆகும்? இங்கே அப்படி நெருங்கிச் சென்றால் ஆபத்து! ஏன் என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

வழியிலுள்ள சூரிய ஆய்வுக்கூடம் 1899-ல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் பாய்வதை எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது இங்கேதான். அது 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூம்பாறை அதைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு. சைக்கிள், பை, ஆள் எல்லாம் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். இழக்கும் நிலையாற்றல் 80 × 9.8 × 400, அதாவது ஏறத்தாழ 3,14,000 ஜூல். அந்த உயரத்தில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே இந்த ஆற்றல் ஒரு லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதும்.

இது எங்கே போகிறது? ஒரு பகுதி காற்றுக்கும் சாலைக்கும் போகிறது. எஞ்சியதெல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான். பத்துக்கு ஒன்று சரிவில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபடியே இறங்கினால், பிரேக்குகளில் விநாடிதோறும் முந்நூறு ஜூலுக்கு மேல் வெப்பம் உண்டாகும். பன்னிரண்டு சால்டரிங் அயர்ன்களை ரிம்மில் வைத்து அழுத்தியதற்கு ஒப்பாகும் இது! இறங்கியவுடன் ரிம்மைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள். ரிம் அளவுக்கு மீறிச் சூடேறினால் உள்ளேயிருக்கும் டியூப் வெடிப்பதும் உண்டு. ஆகவே இடையிடையே நிறுத்தி ஆற விடவேண்டும். பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைப் பார்க்க அது நல்ல சாக்கு.

பிரேக்கே பிடிக்காமல் விட்டால்? அதே சரிவில் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரை எட்டிவிடும். மலைக்காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் கடற்கரையில் இருப்பதைவிடத் தடையும் குறைவு.

இனி முக்கியமான கணக்கு. 36 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 10 மீட்டர். உலர்ந்த பிரேக் விநாடிக்கு விநாடி 4 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் பன்னிரண்டரை மீட்டரில் நின்றுவிடலாம். பத்துக்கு ஒன்று இறக்கத்திலோ புவியீர்ப்பு அதில் ஏறத்தாழ 1 மீட்டரைப் பிடுங்கிக்கொள்கிறது, மிஞ்சுவது 3. நிற்க 17 மீட்டர் வேண்டும். இதில் பிரேக்கைப் பிடிக்கக் கை எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சேர்க்கவில்லை. அது ஒரு விநாடியானால் இன்னும் 10 மீட்டர் ஓடிவிடும்!

மலையில் மே மாதப் பிற்பகல்களில் திடீரென்று மழை பிடித்துக்கொள்வதுண்டு. ஈர ரிம்மில் உராய்வு வெகுவாகக் குறையும். 4 மீட்டர் 1 மீட்டராகிவிட்டது என்று வையுங்கள். அந்த ஒன்றையும் புவியீர்ப்பு எடுத்துக்கொண்டால் மிச்சம் சுழியம். பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி அதே வேகத்தில் ஓடும். முன்னே கொண்டை ஊசி வளைவு காத்திருக்கும். மழை தூறத் தொடங்கியதுமே பிரேக்கை இலேசாக உரசவிட்டு ரிம்மிலுள்ள நீரைத் துடைத்துக்கொள்வதும், நடை வேகத்துக்கு வந்துவிடுவதும் இதற்காகத்தான். மழை வலுத்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமில்லை.

இன்னொன்று: முன் பிரேக்கை மட்டும் சட்டென்று அழுத்தக்கூடாது. இறக்கத்தில் உடலின் எடை முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. முன்சக்கரம் நின்றால் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, உடலைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிக்கவேண்டும். இருவருக்கிடையே முப்பது மீட்டராவது இருக்கட்டும்.

திரும்பி வரும்போது அந்த 3,14,000 ஜூலையும் கால்கள்தான் கொடுத்தாகவேண்டும். ஆய்வுக்கூடம்வரை ஏற ஒரு மணி நேரம் என்றால், ஏற்றத்துக்கு மட்டுமே இடைவிடாமல் 87 வாட். உண்ணும் உணவில் கால் பங்குதான் தசைகளில் வேலையாக மாறும். ஐந்தாறு இட்லிகள் இதற்கே சரியாகிவிடும். கூக்காலிலிருந்து பூம்பாறைக்கு வருவதற்குத் தனியாகச் சாப்பிடவேண்டும்.