சூரியன் பலவாகத் தோன்றும் படங்கள்

2019 டிசம்பர் 26 அன்று காலை கொங்கு மண்டலத்தில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. உதகை, கோவை, ஈரோடு, கரூர் எனச் சென்ற அதன் பாதையில், ஒன்பதரை மணியை ஒட்டிச் சந்திரன் சூரியனின் நடுப்பகுதியை மறைத்து, விளிம்பை மட்டும் ஒளி வளையமாக விட்டுவைத்தது. இத்தகைய நாட்களில் எடுக்கப்படும் படங்கள் சில, கிரகணத்தைவிட வியப்பூட்டுபவை. ஒன்றில் மரத்தடியெங்கும் பிறைகள் சிதறிக் கிடக்கும். மற்றொன்றில் வானில் இரண்டாவது சூரியன் நிற்கும். கைப்பேசிகளில் இவை வலம்வரும்போது, 'கியாமத்தின் அடையாளம்' என்ற வாசகத்தையும் யாரோ சேர்த்துவிடுகின்றனர். படத்தை நம்புமுன் அது உருவான வழியை அறிவது நம் கடமையாகிறது.

மரத்தடிப் பிறைகளை முதலில் காண்போம். புளிய மரத்தின் இலைகளுக்கிடையே உள்ள ஒவ்வொரு சிறு இடைவெளியும் ஓர் ஊசித்துளையாகச் செயல்பட்டு, சூரியனின் பிம்பத்தைத் தரையில் வீழ்த்துகிறது. இடைவெளி எவ்வடிவில் இருப்பினும், அது போதிய அளவு சிறிதாக இருந்தால் பிம்பம் சூரியனின் வடிவையே ஏற்கும். ஒளி கடக்கும் தொலைவில் ஏறத்தாழ நூற்றுப்பத்தில் ஒரு பங்கே பிம்பத்தின் விட்டம்; ஐந்தரை மீட்டர் கடந்து வரும் ஒளி 5 செ.மீ. அளவில் விழும். நாள்தோறும் நிழலிடையே நாம் மிதித்துச் செல்லும் வட்டப் பொட்டுகளும் சூரியனின் பிம்பங்களே. கிரகணம் வந்தாலன்றி அவற்றை நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

இதனை ஆராய்ந்து தனி நூலே எழுதியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைதம் (கி.பி. 965 – ஏறத்தாழ 1040). சிறு துளை வழியே கிரகணச் சூரியன் பிறையாக விழுவதும், துளை பெரிதானால் அவ்வடிவம் மங்கி மறைவதும் ஏன் என்பதே அந்நூலின் பொருள். ஏழு பாகங்கள் கொண்ட தமது 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூலின் மூன்றாம் பாகத்தைப் பார்வையின் பிழைகளுக்கென்றே அவர் ஒதுக்கினார்.

வானில் தோன்றும் இரண்டாவது சூரியன் வேறு வகையானது. அது காமிராவுக்குள்ளேயே பிறக்கிறது. கைப்பேசிக் காமிராவில் பல வில்லைகள் அடுக்கப்பட்டுள்ளன. பூச்சற்ற கண்ணாடிப் பரப்பு தன்மீது விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். அவ்வொளி மற்றொரு பரப்பில் பட்டு மீண்டும் திரும்பினால், 625-இல் ஒரு பங்கு ஒளி தவறான இடத்தில் விழுந்து போலிப் பிம்பமாகிறது. நவீனப் பூச்சுகள் இதனை மிகவும் குறைக்கின்றன. ஆயினும் சூரியனின் பேரொளிக்கு எஞ்சிய துளியே போதும். இப்போலி பெரும்பாலும் படத்தின் மையத்துக்கு மறுபுறத்தில் நிற்கும். காமிராவை அசைத்தால் சூரியனுக்கு எதிர்த்திசையில் நகரும். வெறுங்கண்ணுக்கு ஒருபோதும் தெரியாது.

இங்கே ஒரு விந்தை உண்டு. கிரகண வேளையில் எடுத்த படத்தில், உண்மைச் சூரியன் ஒளிமிகுதியால் வெறும் வெண்பொட்டாகிவிடும். மங்கிய போலியோ பிறை வடிவைத் துல்லியமாகக் காட்டும். பொய்ச் சாட்சி மெய் உரைக்கும் அரிய இடம் இது!

ஓடும் பேருந்தின் சன்னல் கண்ணாடி வழியே, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் சாயும் சூரியனைப் படமெடுப்போரும் இரட்டைச் சூரியனைப் பெறுவதுண்டு. அங்கே பிரதிபலிப்பது கண்ணாடியின் இரு பரப்புகள். இவற்றினின்று வேறுபட்டது, உயர்ந்த மெல்லிய மேகங்களின் அறுகோணப் பனிப்படிகங்கள் ஒளியை விலக்குவதால் சூரியனின் இருபுறமும் சுமார் 22 பாகை தொலைவில் தோன்றும் ஒளித்திட்டு. நீட்டிய கையின் ஒரு சாண் அளவு அது. சூரியன் 'கோட்டை கட்டுவதாக' நம் கிராமத்தார் கூறும் வட்டமும் அதே படிகங்களால் விளைவதே. இது காமிராவின் பிழையன்று; கண்ணுக்கும் தெரியும்.

ஆக, படத்துக்கும் ஓர் அறிவிப்பாளர் தொடர் உண்டு: மேகம், சன்னல், வில்லை, இறுதியில் அனுப்பியவர். ஹதீஸ் கலையில் ஒவ்வோர் அறிவிப்பாளரையும் நிறுத்து ஆய்ந்த சமுதாயம், வந்த படத்தை வந்தவாறே பரப்புவது பொருந்தாது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் ஏற்பட, மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினர். துயரின் நடுவிலும் அண்ணலார் அக்கருத்தை மறுத்தார்கள் என்பதை நாம் அறிவோம்.

அடுத்து 2031 மே 21 அன்று வளைய கிரகணத்தின் பாதை தேனி, மதுரை வழியே செல்லவிருக்கிறது. கோவையில் அது பகுதிக் கிரகணமாகவே தெரியும். அன்று புளிய மரத்தடியில் வளையங்களுக்குப் பதில் பிறைகளே விழும்.