கடைசிப் படத்தின் விலை

இத்தாலியின் மொடேனா நகரில் இயங்கும் பனினி நிறுவனம், 1970ஆம் ஆண்டு மெக்சிகோ போட்டி முதல், உலகக் கோப்பைக் கால்பந்து வீரர்களின் படங்களையும் அவற்றை ஒட்டும் ஏட்டையும் விற்று வருகிறது. 2022ஆம் ஆண்டுத் தொகுப்பில் 670 படங்கள். உறைக்கு ஐந்து படங்கள்; உள்ளே எவர் படம் உள்ளது என்பது பிரித்தால்தான் தெரியும்.

தொடக்கத்தில் ஏடு விரைவாக நிரம்பும். போகப்போக, முன்பு வந்த படங்களே மீண்டும் வரும். முடிவில் ஒரே ஒரு கட்டம் வெறுமையாக நிற்கும். எல்லாப் படங்களும் சம அளவில் அச்சிடப்பட்டவை என்று கொண்டாலும், அந்த ஒன்றைப் பெறச் சராசரியாக 134 உறைகளைப் பிரிக்க வேண்டும். 670ஐ ஐந்தால் வகுத்துக் கண்ட எண் அது. நூறு உறைகளைப் பிரித்து ஏமாந்தவருக்கும் அடுத்த உறையில் வாய்ப்பு கூடுவதில்லை. முன்பு பிரித்தவற்றை உறை அறியாது அன்றோ!

அப்படத்தை வைத்திருப்பவர் பத்து உறைகளின் விலையைக் கேட்கிறார் என்க. ஒரு படத்துக்கு இவ்வளவா என்று திகைக்கத் தோன்றும். ஆயினும் 134 உறைகளோடு ஒப்பிட்டால் அது மலிவே. 200 உறைகளின் விலையைக் கேட்டாலோ, உறை பிரிப்பதே மேல்.

கணக்கு இத்துடன் முடிவதில்லை. ஒருவரிடம் மிகுந்த படம் மற்றொருவரின் ஏட்டில் இல்லாதிருக்கலாம். மாற்றிக்கொள்வதற்குச் செலவே இல்லை. விடுபட்ட படங்களை எண் குறித்து நிறுவனத்திடமே வாங்கும் வசதியும் பல நாடுகளில் உண்டு. இவ்வழிகள் திறந்திருக்கையில், பத்து உறைகளின் விலையும் மிகைவிலையே. குறைவது ஒரே படம் என்பதை அறிந்தால் விற்பவர் விலையை ஏற்றவும் கூடும். ஏட்டை வீட்டில் வைத்துவிட்டு விலை பேசச் செல்வது நன்று.