அரை டிக்கெட்டும் கட்டுச்சோறும்

பொழுதுபோக்குப் பூங்காக்களில் குழந்தைக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு இருக்கும். பிள்ளையை அதன் அடியில் நிறுத்துவார்கள். தலை கோட்டைத் தாண்டினால் பெரியவர் கட்டணம், தாண்டாவிட்டால் குழந்தைக் கட்டணம். பிறந்த தேதியையோ படிக்கும் வகுப்பையோ அங்கே யாரும் கேட்பதில்லை.

இந்த முறையைக் கடைப்பிடிக்கும் பெரிய நிறுவனம் வொண்டர்லா. 2000-இல் கொச்சி அருகே பள்ளிக்கரையில் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று பரவி, 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் இள்ளலூரிலும் பூங்கா திறந்திருக்கிறது. அங்கே 85 செ.மீ.க்குக் குறைவான குழந்தைக்கு டிக்கெட் இல்லை. 85 முதல் 140 செ.மீ. வரை குழந்தைக் கட்டணம். அதற்கு மேல் முழுக் கட்டணம். மற்றப் பூங்காக்களில் கோடு சில செ.மீ. மேலே கீழே இருக்கலாம். விருதுநகர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது மதுரை–திண்டுக்கல் சாலையில் பரவையில் உள்ள அதிசயம். கொங்குப் பக்கம் போனால் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர். எங்கே போவதானாலும் அந்தப் பூங்காவின் கோடு எத்தனை செ.மீ. என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறக்குறைய 86 முதல் 88 செ.மீ., ஐந்து வயதில் சுமார் 110, பத்து வயதில் சுமார் 138. ஆகவே 85 செ.மீ. கோட்டை ஒரு குழந்தை இரண்டு வயது வாக்கிலும், 140 செ.மீ. கோட்டைப் பத்து, பதினோரு வயதிலும் தொடுகிறது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் நெட்டையான பிள்ளைக்கு முழு டிக்கெட் விழலாம். எட்டாம் வகுப்பில் படிக்கும் குட்டையான பிள்ளை குழந்தைக் கட்டணத்திலேயே உள்ளே போகலாம்.

சிவகாசி வட்டாரத்துக் குடும்பங்களுக்குக் கணக்கு பிசகுவது பேருந்துப் பழக்கத்தால்தான். தமிழ்நாடு அரசுப் பேருந்துகளில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. முன்பு மூன்று வயதாக இருந்த வரம்பு 2022-இல் உயர்த்தப்பட்டது. ஐந்து வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். ரயிலிலும் ஐந்து வயதுக்குக் கீழ் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் இருந்தால், முன்பதிவில்லாத பெட்டியில் அரைக் கட்டணம். முன்பதிவு செய்யும் தூங்கும் வசதிப் பெட்டியில், படுக்கை வேண்டாம் என்று குறிப்பிட்டால் பாதிக் கட்டணம், படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். இந்த விதி 2016 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருக்கிறது. சிவகாசியில் பொதிகை ரயில் ஏறிச் சென்னைப் பூங்காவுக்குப் போகும் நான்கு வயதுச் சிறுமிக்கு ரயிலிலும் டிக்கெட் இல்லை, பேருந்திலும் டிக்கெட் இல்லை. பூங்காவில் மட்டும் உண்டு. அவளுடைய பதினோரு வயது அண்ணன் 142 செ.மீ. இருந்தால், வழியெல்லாம் அரை ஆளாக வந்தவன் பூங்கா வாசலில் முழு ஆளாகிவிடுவான்.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். பெரியவருக்கு 1,200 ரூபாய், குழந்தைக்கு 950 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, 142 செ.மீ. உயரப் பையன், 124 செ.மீ. உயரச் சிறுமி, 80 செ.மீ. கைக்குழந்தை என ஆறு பேர். பேருந்துக் கணக்குப்படி மூன்று முழு டிக்கெட், இரண்டு அரை டிக்கெட், ஆக 4,800 ரூபாய் என்று மனத்தில் இருக்கும். வாசலில் ஆகும் தொகையோ நான்கு முழு டிக்கெட், ஒரு குழந்தை டிக்கெட், மொத்தம் 5,750. விளம்பரத்தில் சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேரவில்லை என்றால் 18 சதவீதம், அதாவது 1,035 ரூபாய், இன்னும் கூடும். (2017-இல் 28 சதவீதமாக இருந்த வரி 2018 ஜனவரியில் 18-ஆகக் குறைந்தது.) குழந்தைக் கட்டணம் பெரியவர் கட்டணத்தில் பாதியாக இருக்கும் என்று நம்பிப் போவதுதான் இதில் பெரிய பிழை, பல பூங்காக்களில் இரண்டுக்கும் இடையே சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். எதிலும் ஏறாமல் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பாட்டிக்கும் டிக்கெட் உண்டு. மூத்த குடிமக்களுக்குச் சலுகை இருக்கிறதா என்று கேட்டு, ஆதார் அட்டையைக் கையோடு எடுத்துப்போவது நல்லது.

வெளிநாட்டுப் பூங்காக்களில் வயதுதான் பெரும்பாலும் அளவு. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் மூன்று வயதுக்குக் கீழ் இலவசம், 3 முதல் 9 வரை குழந்தை, பத்து வயதானால் பெரியவர். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் 4 முதல் 12 வரை குழந்தை. அங்கே போவோருக்கு பாஸ்போர்ட்டே வயதுச் சான்று. உள்ளூர்ப் பூங்காவுக்கு வேனில் வரும் குடும்பத்திடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. சுவரில் ஒரு கோடு இருந்தால் வாக்குவாதம் குறையும்.

இன்னொரு உயரக் கணக்கும் உண்டு. அதுதான் பிள்ளைகளை அழவைப்பது. டிக்கெட்டுக்கான கோடு வேறு, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் சறுக்குக்கும் உள்ள கோடு வேறு. வேகமாகச் சுழலும், தலைகீழாகப் புரட்டும் விளையாட்டுகளின் இருக்கையும் தோளை அழுத்திப் பிடிக்கும் கம்பியும் ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்கு மேல் இருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. குட்டையான உடல் அந்தப் பிடியிலிருந்து நழுவிவிடும். காசு கொடுத்துத்தானே வந்தோம் என்று ஊழியரிடம் சண்டை போட்டுப் பிள்ளையை ஏற்றிவிட முயலும் பெற்றோர், அந்தப் பிள்ளையின் உயிரைத்தான் பேரம் பேசுகிறார்கள். எந்தெந்த விளையாட்டில் ஏறலாம், எதில் முடியாது என்பதை வீட்டிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட்டால், வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்று திரும்பும் ஏமாற்றம் இல்லை.

வீட்டில் அளப்பதற்கு இஞ்ச் டேப் போதும். செருப்பைக் கழற்றி, குதிகால், முதுகு, தலையின் பின்பக்கம் மூன்றும் சுவரில் படும்படி நிறுத்தி, தலைமேல் ஒரு நோட்டைப் படுக்கையாக வைத்து, அதன் அடியில் பென்சிலால் கோடு போட்டு அளக்க வேண்டும். முதுகெலும்பின் இடைத்தட்டுகள் பகலில் அமுங்குவதால், காலையில் எழுந்தவுடன் இருக்கும் உயரம் மாலையில் ஏறக்குறைய ஒரு செ.மீ. குறையும். தடித்த அடிப்பாகம் கொண்ட ஷூ இரண்டு மூன்று செ.மீ. கூட்டிக் காட்டும். கோட்டுக்கு அருகில் இருக்கும் பிள்ளைக்கு இந்தச் சின்ன வித்தியாசங்களே டிக்கெட்டை மாற்றிவிடும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஆன்லைனில் எந்த டிக்கெட் எடுப்பது? குழந்தை டிக்கெட் எடுத்து, உயரம் கூடிவிட்டால் வாசலில் மீதியைக் கட்டிவிடலாம். பெரியவர் டிக்கெட் எடுத்து உயரம் குறைந்தால், கூடுதலாகக் கட்டிய பணம் திரும்புவது கடினம். தேதி குறித்த டிக்கெட்டை மாற்ற முடியுமா என்பதையும் பணம் கட்டும் முன் படித்துவிட வேண்டும். முதல் நாள் காய்ச்சல் வருவது பிள்ளைகளுக்குப் புதிதல்ல.

எப்போது போவது என்பதும் செலவைத் தீர்மானிக்கிறது. பல பூங்காக்களில் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களைவிட வார நாட்களில் கட்டணமும் குறைவு, கூட்டமும் குறைவு. ஆனால் பட்டாசுத் தொழிலாளி வீட்டில் பெற்றோருக்குக் கிடைக்கும் ஓய்வும் பிள்ளைகளின் விடுமுறையும் எளிதில் ஒத்துவருவதில்லை. காலாண்டு விடுமுறை வரும் செப்டம்பர் கடைசி, தீபாவளிச் சரக்கு லாரி லாரியாகப் போகும் நேரம். தீபாவளி முடிந்து போனஸ் கையில் இருந்து, ஆலைகள் மூடியிருக்கும் நாட்களில் பள்ளி திறந்துவிடும்; வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். டிசம்பர் கடைசியின் அரையாண்டு விடுமுறை பட்டாசு வீட்டுக்குத் தோதானது. அதே தெருவில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவருக்கு அதுதான் மூச்சுவிட முடியாத மாதம். சித்திரையில் சிவகாசி பத்ரகாளியம்மன் பொங்கலுக்கு ஊரே ஓய்ந்திருக்கும்போது கோடை விடுமுறையும் இருக்கும், ஆனால் பூங்காக்களில் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். ஆகவே ஒரு நாள் பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நவம்பரில் மழையில்லாத ஒரு செவ்வாயோ புதனோ போவது இந்த வட்டாரக் குடும்பங்களுக்கு ஒரு நியாயமான வழி. இடி மின்னல் வந்தால் தண்ணீர் விளையாட்டுகளையும் உயரமான ராட்டினங்களையும் நிறுத்திவிடுவார்கள் என்பதால் வானிலையைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும்.

 

இனி சாப்பாடு. குற்றாலத்துக்கோ அய்யனார் அருவிக்கோ போகும்போது கட்டுச்சோறு கட்டிப்போய் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்கள் இந்த வட்டார மக்கள். விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியிலும் ராட்டினத்துக்குத் தனித்தனி டிக்கெட், பசித்தால் வீடு பக்கத்தில். பூங்காவின் ஏற்பாடு இதற்கு நேர்மாறு: விளையாட்டெல்லாம் ஒரே டிக்கெட்டில் அடக்கம், வெளிச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. வாசலில் பையைத் திறந்து பார்த்து எடுத்துவைத்துவிடுவார்கள். இந்தத் தடை சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி திரையரங்குகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஜனவரி 3 அன்று வந்த தீர்ப்பு, வெளி உணவைத் தடுக்கத் திரையரங்கு உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றது. கூடவே, சுகாதாரமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குத் தேவையான அளவு உணவைப் பெற்றோர் கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. அது திரையரங்கைப் பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் பால் புட்டியையும் சத்துமாவுக் கஞ்சியையும் மருந்தையும் பூங்காக்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. சர்க்கரை நோய் உள்ள பாட்டிக்கு இடையில் சாப்பிட ஏதாவது வேண்டுமென்றால் மருந்துச் சீட்டோடு முன்கூட்டியே கேட்டுவைப்பது உதவும்.

உள்ளே சாப்பிட இரண்டு வழிகள்: டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் சாப்பாட்டுத் திட்டம், அல்லது பசிக்கும்போது கவுண்டரில் தனித்தனியாக வாங்குவது. அளவில்லாச் சாப்பாடு என்ற பெயரைப் பார்த்து எல்லோருக்கும் சேர்த்து எடுத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. விளையாட்டு வெறியில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளை நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடப் பார்க்கும். அதற்கு முழுச் சாப்பாட்டு விலை கொடுப்பது வீண். பதினான்கு வயதுப் பையனுக்கோ அது கட்டுபடியாகும். சின்னதுகளுக்கு ஒரு தயிர்ச்சோறோ இட்லியோ தனியாக வாங்கிப் பகிர்ந்து கொடுத்தால் போதும். திட்டம் எடுப்பதானால் குழந்தை விலை தனியாக உண்டா, அதற்கும் உயரக் கோடுதானா, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை பரிமாறுவார்கள், தண்ணீரும் மாலைத் தேநீரும் அதில் அடக்கமா என்று கேட்க வேண்டும். நேரம் கடந்தால் சாப்பாடும் போய்விடும், பணமும் வராது.

வீட்டுச் சாப்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. அதை நாளின் இரு முனைகளுக்கு மாற்றிக்கொண்டால் போதும். காலையில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை, மதுரையைத் தாண்டும் முன் வண்டியிலோ பூங்காவின் வண்டி நிறுத்தத்திலோ வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டால் பன்னிரண்டு மணி வரை கவலை இல்லை. மாலைக்கென்று வேனில் வைத்துப்போகும் உணவில்தான் எச்சரிக்கை தேவை. வெயிலில் பூட்டிக் கிடக்கும் வண்டிக்குள் சூடு வெளியைவிட வெகுவாக ஏறும். வெந்த சோற்றில் மிஞ்சியிருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா அந்தச் சூட்டில் பெருகி, சூடு செய்தாலும் அழியாத நஞ்சை உண்டாக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும். தேங்காய்ச் சட்னியும் தயிர்ச்சோறும் அங்கே கூடவே கூடாது. நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சோறு அதைவிடத் தாங்கும், ஆனாலும் அடைத்த வண்டியில் ஒரு பகல் முழுக்க வைக்க வேண்டாம். சாத்தூர்ச் சேவும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் சூட்டில் கெட்டுப்போகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அப்படியல்ல.

பூங்காவில் பொழுதை எப்படி ஓட்டுவது என்பதும் சாப்பாட்டோடு பிணைந்தது. சுழலும் ராட்டினங்களைக் காலை வெயில் ஏறும் முன் முடித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கே, கூட்டம் சேரும் முன் சாப்பிட்டு, சற்று நிழலில் உட்கார்ந்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போகலாம். வயிறு நிறைந்த கையோடு சுழலும் இருக்கையில் ஏறினால் வாந்திதான். தண்ணீரில் கிடக்கும் பிள்ளைக்குத் தாகம் தெரியாது. அதனால் மணிக்கொரு தடவை கூப்பிட்டுக் குடிக்க வைக்க வேண்டும். காலி பாட்டிலை எடுத்துப்போனால் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தித் துணியை அனுமதிக்காத பூங்காக்கள் உண்டு. நைலான் உடையை ஊரிலேயே வாங்கிப்போனால் அங்கே வாடகைக்கோ விலைக்கோ எடுக்கும் செலவு மிச்சம்.

கிளம்பும்போது லாக்கர் சாவியைக் கொடுத்து முன்பணத்தைத் திரும்பப் பெற வேண்டும். சில பூங்காக்களில் கைப்பட்டையிலோ அட்டையிலோ பணம் ஏற்றிச் செலவழிக்கச் சொல்வார்கள். அதில் மீதி இருந்தால் வாசலைத் தாண்டும் முன் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவைக் கேட்பார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறி, வேனில் உறங்கி எழும் சின்னப் பிள்ளைக்கு அது கனமான சாப்பாடு. திருமங்கலத்திலேயே நிறுத்தி இரண்டு இட்லி கொடுத்துவிட்டு, புரோட்டாவைப் பெரியவர்களும் மூத்த பிள்ளைகளும் சாப்பிடலாம்.