கம்பியில்லா இணையம்

வானொலிக்கும் இணையத்துக்கும் உள்ள பெரிய வேற்றுமை ஒன்றை மாணவர்கள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். வானொலி நிலையம் பேசுகிறது, நாம் கேட்கிறோம். இணையத்திலோ கேட்பவர் ஒவ்வொருவரும் பேசவும் வேண்டும். ஒரே அலைவரிசையில் பலர் ஒருங்கே பேசினால் என்ன ஆகும்? ஆசிரியர் இல்லாத வகுப்பறையை எண்ணிப் பாருங்கள்.

இச்சிக்கலை முன்னரே எதிர்கொண்டவர்கள் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார். பசிபிக் கடலில் தீவுதோறும் சிதறிக் கிடந்த கல்லூரிகளை ஹோனலூலுவிலிருந்த கணிப்பொறியோடு இணைக்கும்பொருட்டு, பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சனும் துணைவர்களும் 1971-இல் ‘அலோஹா’ என்னும் வானலை வலையை இயக்கினர். அதன் முறை மிக எளியது. செய்தியைச் சிறு பொதியாகக் கட்டி, வேண்டியபோது அனுப்பிவிட வேண்டியது. ‘கிடைத்தது’ என்ற விடை வரவில்லையாயின், அது வேறொரு பொதியோடு மோதிச் சிதைந்ததெனக் கொண்டு, சிறிது பொறுத்து மீண்டும் அனுப்ப வேண்டியது. இருவரும் ஒரே அளவு பொறுத்தால் மறுபடியும் மோதுவார்கள் அல்லவா? ஆகவே அவரவர் காத்திருக்கும் நேரம் திருவுளச்சீட்டைப் போல அமைக்கப்பட்டது. ஆயினும் இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் நூற்றுக்கு 18 பங்கே பயன்படும் என்று கணிதம் காட்டிற்று.

பின்னர் வந்த வைஃபை, பேசுமுன் காது கொடுத்துக் கேட்கும் நாகரிகத்தைக் கற்றது. ஒரு வீட்டுக்குள் அது போதும். ஊர் விட்டு ஊர் செல்ல வேண்டுமானால்?

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை உண்டு. சுற்றுவட்டாரத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் கண் மங்கியதென்று தேனிக்கு வந்தால், அன்றைய கூலி போயிற்று. ஆதலின் பலர் பார்வை போகும்வரை வருவதில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அம்மருத்துவமனையோடு சேர்ந்து, 2006-க்குள் ஐந்து கண் பரிசோதனை மையங்களை மலிவான வைஃபை கருவிகளாலேயே தேனியோடு இணைத்தனர். நோயாளி தம் ஊர்ப்பக்கத்து மையத்தில் அமர்ந்தபடியே, திரையில் தோன்றும் மருத்துவரிடம் பேசினார்.

இதில் தடை எங்கே எழுந்தது என்பதே சுவையான செய்தி. வானலை 15 கிலோமீட்டர் போய் மீள ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். வீட்டு வைஃபைக்கு அவ்வளவு பொறுமை இல்லை! விடை வருமுன்னே பொதி தொலைந்ததென்று முடிவுகட்டி மீண்டும் அனுப்பத் தொடங்கும். ஆகவே ஆய்வாளர்கள் விதியையே மாற்றினர். ‘இந்த நேரம் நீ பேசு, அடுத்த நேரம் அவன் பேசட்டும்’ என்று முறை வகுத்து, பல பொதிகளுக்கு ஒருங்கே விடை கூறவும் செய்தனர். பள்ளியில் பாடவேளைக்கு மணியடித்தே காலம் கழித்த எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. இன்றைய கைப்பேசிக் கோபுரங்களும் இவ்வாறு நேரத்தையும் அலைவரிசையையும் பங்கிட்டே கொடுக்கின்றன.

மற்றொன்று. மத்திய அலை வானொலி குன்றைக்கூட ஓரளவு வளைந்து கடக்கும். அதன் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். இங்கே பயன்படுவதோ ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் அலை. ஒரு கம்பத்தின் உச்சியிலிருந்து மறு கம்பம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தாலும் போதாது. 15 கிலோமீட்டர் இணைப்பின் நடுவிடத்தில், அந்த நேர்கோட்டைச் சுற்றி எப்பக்கமும் 13 மீட்டர் அளவேனும் வெளி இருத்தல் நன்று. ஈரமுள்ள இலை அலையை உறிஞ்சிவிடும். நட்ட அன்று இடைஞ்சல் செய்யாத தென்னை, சில ஆண்டுகளில் இணைப்பை மறைக்கவும் கூடும்.

இத்தனை நுட்பமும் கைவந்த பின், கருவிகளை மிகுதியும் பழுதாக்கியது வானலை அன்று. சுவரிலிருந்து வந்த மின்சாரம்! அதன் ஏற்றத்தாழ்வு கருவிகளைப் பொசுக்கிற்று; நினைவுச் சில்லுகளைக் கெடுத்தது. கம்பியில்லா இணையத்துக்குக் கம்பியால் வந்த கேடு என்று இதனைச் சொல்லலாம். ஆய்வாளர்கள் சூரிய ஒளியால் இயங்கும் மின்கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை மலிவாகச் செய்ததோடு, பழுது பார்க்கும் முறையை அவ்வூர் ஊழியர்களுக்கே கற்பித்தனர்.